ஸ்டெல்த் போர் விமானங்களை ஒப்பிடும்போது பராமரிப்பை ஏன் ஓரங்கட்டுகிறோம்?

வான்நோக்கி:

ரேடாரில் எளிதில் சிக்காத ஸ்டெல்த் தன்மை கொண்ட ஐந்தாம் தலைமுறைப் போர் விமானங்களை ஒப்பிடும் கட்டுரைகள் தமிழில் இப்போது நிறையவே வருகின்றன. அமெரிக்காவின் எஃப்-22, எஃப்-35, ரஷ்யாவின் சுகோய்-57, சீனாவின் ஜே-20 ஆகிய நான்கையும் வரிசையாக நிறுத்தி, எது வேகமாகப் பறக்கும், எது எத்தனை ஏவுகணைகளைச் சுமக்கும், எதன் ரேடார் தடம் (ரேடாருக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவு) சிறியது என்று பட்டியலிட்டு, கடைசியில் ஒன்றுக்கு மாலையும் சூட்டிவிடுகிறார்கள். போர் மூண்ட காலையில் அந்த விமானங்களில் எத்தனை எழுந்து பறக்கும் நிலையில் இருக்கும் என்ற கேள்வி மட்டும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் எச்எம்எஸ் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலைச் சேர்ந்த எஃப்-35பி விமானம் ஒன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவசரமாகத் தரையிறங்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வானிலையால் கப்பலுக்குத் திரும்ப முடியாமல் இறங்கிய விமானம், பிறகு ஹைட்ராலிக் கோளாறால் கிளம்ப முடியாமல் நின்றது. 10 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள அந்த இயந்திரம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்தபடி, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில், மூன்று வாரங்களுக்கு மேல் திறந்தவெளியில் நின்றது. ஜூலை 6 அன்று ஏ400எம் சரக்கு விமானத்தில் பிரிட்டனிலிருந்து ஒரு பொறியாளர் குழு வந்து, அதைப் பழுதுபார்ப்புக் கூடத்துக்குள் இழுத்துச் சென்று சரிசெய்த பிறகு, ஜூலை 22 அன்றுதான் அது கிளம்பியது. கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்து விளம்பரம் செய்து சிரித்தது வேறு கதை. எனக்கு அதில் வேடிக்கையைவிடக் கணக்குதான் முக்கியமாகப் பட்டது: ஒரு விமானத்தின் ஒரு கோளாறுக்கு ஐந்து வாரங்களுக்கு மேல் ஆனது.

அமெரிக்க விமானப்படையின் புள்ளிவிவரங்களும் இதையேதான் சொல்கின்றன. 2024 நிதியாண்டில் எஃப்-22 விமானங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடும், எஃப்-35ஏ விமானங்களில் ஏறத்தாழ 52 விழுக்காடும்தான் பணிக்குத் தயாராக இருந்தன. அவற்றைவிட முதிய எஃப்-16சி கூட 60 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. உற்பத்தி வரிசையிலிருந்து வந்த எஃப்-22 மொத்தமே 187. அவற்றில் இன்று இருப்பவற்றில் 40 விழுக்காடு என்றால் 75ஐ ஒட்டிய எண்ணிக்கை. அதிலிருந்து பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டவற்றைக் கழித்தால் எஞ்சுவதுதான் உலகின் மிகச் சிறந்த வான்போர் விமானத்தின் உண்மையான படை. ஒப்பீட்டை இங்கிருந்து தொடங்கினால் என்ன?

மிக்21நினைவுகள்:

நல்ல தலைப்பு, ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஒரு திருத்தம் வேண்டும். திருவனந்தபுரத்தில் நின்ற விமானத்துக்கு ஏற்பட்டது ஹைட்ராலிக் கோளாறு. அதற்கும் ஸ்டெல்த்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சொந்தத் தளத்தைவிட்டு வெகுதொலைவில், பழக்கமில்லாத விமான நிலையத்தில், உதிரிபாகமோ சோதனைக் கருவியோ இல்லாத இடத்தில் எந்த விமானம் பழுதானாலும் வாரக்கணக்கில்தான் நிற்கும். விமானப்படையில் தொழில்நுட்பப் பணியாளனாக இருந்த காலத்தில், ஒரு சிறிய வால்வுக்காக மிக்-21கள் மாதக்கணக்கில் முட்டுக்கொடுத்து நின்றதைப் பார்த்தவன் நான். அவற்றில் ஸ்டெல்த் மருந்துக்கும் கிடையாது. ஆகவே உதிரிபாகத் தட்டுப்பாட்டால் நிற்பது, ஸ்டெல்த் தன்மையைக் காப்பதற்காக நிற்பது என இரண்டையும் பிரித்தறியாமல் பேசினால் விவாதம் திசைமாறிவிடும்.

ஸ்டெல்த்துக்கே உரிய வேலை எது என்று சொல்கிறேன். சாதாரண விமானத்தில் ஒரு கருவியை மாற்ற வேண்டுமென்றால், அதை மூடியிருக்கும் தகட்டின் திருகுகளைக் கழற்றி, வேலையை முடித்து, மீண்டும் முடுக்கிவிடலாம். ஸ்டெல்த் விமானத்திலோ அந்தத் தகட்டின் விளிம்பு இடைவெளியும், ஒவ்வொரு திருகின் தலையும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பக்கூடியவை என்பதால், அவற்றின்மேல் நிரப்புப் பொருளும் பூச்சும் இடப்பட்டிருக்கும். தகட்டைத் திறக்கும்போது அதை வெட்டி எடுக்க வேண்டும்; மூடியபின் பழைய மிச்சத்தை அடியில் கீறல் விழாமல் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாக நிரப்பி, சமன் செய்து, பூச்சடித்து, அது இறுகும்வரை காத்திருந்து, தடிமனையும் சோதிக்க வேண்டும். எரிபொருள் தொட்டியின் பொருத்துகளில், இரண்டு பாகங்களாக வரும் சீலண்ட் என்ற அடைப்புப் பசையைப் பூசியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பழக்கமானது. இரண்டு பாகங்களையும் கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கட்டியாவதற்குள் பூசி முடிக்க வேண்டும். பூசியபின் நாம் அவசரப்பட்டாலும் அது அவசரப்படாது. வெப்பமும் ஈரப்பதமும் அன்றைக்கு எப்படியோ, அதற்கேற்பத்தான் இறுகும். அரைமணி நேரத்தில் முடியும் பழுதுக்கு விமானம் ஒன்றிரண்டு நாட்கள் கட்டுண்டு கிடப்பது இப்படித்தான்.

வான்நோக்கி:

ஐயா சொன்ன வேறுபாடு நியாயமானது, ஏற்கிறேன். ஆனாலும் அந்த இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிவிடுகின்றன என்பதே என் வாதம். உதிரிபாகம் வர மூன்று நாள், வந்தபின் மாட்ட ஒரு மணி நேரம், மாட்டியபின் பூச்சு இறுக இரண்டு நாள் என்றாகும்போது நாட்கள் கூடிக்கொண்டே போகின்றன.

வரலாற்றையும் பார்க்கலாம். 1981இல் முதலில் பறந்து 1983இல் பணிக்கு வந்த எஃப்-117இல் ரேடாரை உறிஞ்சும் பொருளைத் தகடுதகடாக வெட்டி, தரைக்கு விரிப்பு ஒட்டுவதைப்போல் ஒட்டினார்கள். ஒவ்வொரு விமானத்திலும் அந்த ஒட்டுவேலை சற்று வேறுபட்டதால், ஒன்றில் கற்ற வேலையை மற்றொன்றில் அப்படியே செய்ய முடியவில்லை; பிற்காலத்தில்தான் தெளிப்பு முறையால் எல்லாவற்றையும் ஒரே சீராக்கினார்கள். எஃப்-22இல் தெளிப்புப் பூச்சுதான் முதன்மை. அது மெல்லியது, நுட்பமானது, எளிதில் சேதமாகக்கூடியது. அந்த விமானத்தின் பராமரிப்பு நேரத்தில் பெரும்பங்கை இந்தப் பூச்சு வேலையே விழுங்குகிறது என்பது அமெரிக்க விமானப்படை மறைக்காத செய்தி. எஃப்-35இல் உறிஞ்சும் பொருளின் ஒரு பகுதியை இழைப்பாயாக விமானத்தின் கலப்புப்பொருள் தோலுக்குள்ளேயே வைத்துச் சுட்டு எடுத்துவிட்டார்கள். அடிக்கடி தொட வேண்டிய கருவிகளைச் சக்கரக் குழி, ஆயுத அறை ஆகியவற்றின் கதவுகள் வழியாகவே எட்டும்படி அமைத்தார்கள். அந்தக் கதவுகள் எப்படியும் திறந்து மூடுபவை என்பதால் அவற்றுக்குப் புதுப் பூச்சு தேவையில்லை. பராமரிப்பு என்ற கோணத்தில் பார்த்தால் எஃப்-22இலிருந்து எஃப்-35 வரை நடந்த முன்னேற்றத்தில் இதுவே பெரியது. ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இதைப்பற்றி ஒரு வரிகூட இருக்காது.

வானியல்மாணவி:

ஓர் ஐயம். பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் ஸ்டெல்த் தன்மை போய்விடும் என்பது மிகையாகத் தோன்றுகிறது. விமானத்தின் வடிவம்தானே பெரும்பங்கு வேலையைச் செய்கிறது? அப்படியிருக்க இவ்வளவு மெனக்கெடுவது எதற்காக?

அலைநீளம்:

ரேடார் துறையில் இருப்பவன் என்ற முறையில் இதற்கு நான் விடை சொல்கிறேன். வடிவம்தான் முதன்மை என்பது சரியே. வரும் அலையை அனுப்பியவரிடம் திருப்பாமல் வேறு திசைக்குத் தள்ளிவிடுவது வடிவத்தின் வேலை. பூச்சு எஞ்சியதைக் குறைக்கிறது. குறிப்பாக, தோலின் மேற்பரப்பில் ஊர்ந்து செல்லும் அலைகள் ஓர் இடைவெளியையோ விளிம்பையோ சந்திக்கும்போது சிதறுவதைத் தடுக்கிறது.

கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமன்பாடு ஒன்றே போதும். ரேடார் ஒரு பொருளைக் கண்டுபிடிக்கும் தொலைவு, அப்பொருளின் ரேடார் தடத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப மாறுகிறது. தடம் 16 மடங்கு பெருத்தால்தான் கண்டுபிடிக்கும் தொலைவு 2 மடங்காகும். தடம் 2 மடங்கானால் தொலைவு கூடுவது ஏறத்தாழ 19 விழுக்காடு மட்டுமே. ஆகவே ஒரு கீறலால் விமானம் திடீரென்று வெட்டவெளிச்சமாகிவிடாது. ஆனால் இந்த விமானங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எதிரியின் ரேடார்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு தொலைவில் தன்னைக் காணும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த வட்டங்களுக்கு இடையிலுள்ள சந்துகளின் வழியே பாதை வகுத்துச் செல்கிறார்கள். வட்டத்தின் ஆரம் 19 விழுக்காடு வளர்ந்தாலே சில சந்துகள் அடைபட்டுப்போகும். அதனால்தான் எஃப்-22, எஃப்-35 இரண்டுக்கும் உடலிலுள்ள ஒவ்வொரு சேதத்தையும் பதிவுசெய்து, அவையெல்லாம் சேர்ந்து மொத்தத் தடத்தை எவ்வளவு உயர்த்துகின்றன என்று மதிப்பிடும் மென்பொருள் வைத்திருக்கிறார்கள். வரம்புக்குள் இருக்கும்வரை கீறலோடு பறக்கும். வரம்பைத் தாண்டினால் பூச்சுக் கூடத்துக்குப் போகும். எல்லாக் கீறலையும் உடனுக்குடன் சரிசெய்வதில்லை.

இன்னொன்று: அமைதிக்காலத்தில் எஃப்-22உம் எஃப்-35உம் பெரும்பாலும் ரேடார் பிரதிபலிப்பான்களை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டுதான் பறக்கின்றன. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு அவை தெரிய வேண்டும். உண்மையான தடத்தைப் பிறர் அளந்துவிடக்கூடாது என்பதும் காரணம். ஆகவே கண்காட்சியில் பறந்த விமானத்தை எங்கள் ரேடார் பிடித்துவிட்டது என்று யாராவது மார்தட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வானியல்மாணவி:

மிக்க நன்றி. நான்காம் மூலக் கணக்கைப் பார்த்தபின் 40 விழுக்காடு என்ற எண்ணும் வேறாகத் தெரிகிறது. பூச்சு வரம்பைத் தாண்டிய விமானம் பறக்கவே இயலாத விமானம் அல்லவே? போர் என்று வந்தால் அதையும் அனுப்புவார்கள்தானே?

மிக்21நினைவுகள்:

அனுப்புவார்கள். பணிக்குத் தயார் என்பதிலேயே படிநிலைகள் உண்டு. ஒரு பணியையாவது செய்யக்கூடியது ஒரு கணக்கு, ஒப்படைக்கப்பட்ட எல்லாப் பணிகளையும் செய்யக்கூடியது வேறொரு கணக்கு. செய்தித்தாள்களில் வரும் எண் முதலாவது. இரண்டாவது எப்போதும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 2018இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ஜேம்ஸ் மேட்டிஸ், எஃப்-16, எஃப்/ஏ-18, எஃப்-22, எஃப்-35 ஆகிய நான்கும் ஓராண்டுக்குள் 80 விழுக்காட்டை எட்ட வேண்டுமென்று ஆணையிட்டார். ஸ்டெல்த் விமானங்கள் அந்த இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. பிறகு விமானப்படை அந்த இலக்கையே கைவிட்டது. ஆணையிட்டால் சீலண்ட் சீக்கிரம் இறுகாது என்பதைத் தரையில் வேலை செய்பவர்கள் அன்றே சொல்லியிருப்பார்கள்.

சிங்கைவாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் விமானப்படை 2020இல் 4, 2023இல் மேலும் 8 என 12 எஃப்-35பி விமானங்களுக்கும், 2024இல் 8 எஃப்-35ஏ விமானங்களுக்குமாக மொத்தம் 20 விமானங்களுக்கு முடிவெடுத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் புழுக்கம், நாலாபுறமும் கடல் என்ற இந்தத் தீவில் பூச்சைவிடத் துருவைப்பற்றித்தான் எனக்குக் கவலை.

எஃப்-22இன் துருக்கதையைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். தோல் தகடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்ப மின்கடத்தும் தன்மையுள்ள, வெள்ளி கலந்த பொருளைப் பயன்படுத்தினார்கள். ரேடாருக்கு இடைவெளி தெரியாமல் இருக்க அந்தக் கடத்தும் தன்மை தேவை. ஆனால் அருகிலிருந்த அலுமினியமும் அந்த வெள்ளியும் ஈரத்தில் சேர்ந்தபோது மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் அரிபட்டது. தேங்கும் நீர் வெளியேறுவதற்கான வடிகால் துளைகளும் போதுமானவையாக இல்லை. அதாவது ஸ்டெல்த்துக்காகத் தேர்ந்த பொருளே விமானத்தின் உடலைத் தின்றது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2010இல் வெளியிட்ட அறிக்கையில், இந்த அரிப்பைச் சரிசெய்ய 2016 வரை 22.8 கோடி டாலர் செலவாகும் என்று குறிப்பிட்டது. இந்தப் பாடத்தால்தான் எஃப்-35இல் அலுமினியத்தோடு அவ்வளவு எளிதில் வினைபுரியாத நிரப்புப் பொருளையும் கூடுதல் வடிகால்களையும் வைத்தார்கள். எங்களைப்போன்ற நாட்டுக்கு எஃப்-35 பொருந்துகிறது என்றால், அதன் வேகமோ ஏவுகணையோ அல்ல, அந்த வடிகால் துளைகள்தான் முதல் காரணமாக எனக்குப் படுகின்றன.

சுகோய்அன்பர்:

இவ்வளவையும் படித்தபின் சுகோய்-57இன் அருமை யாருக்கும் புரியவில்லையா? ரஷ்யர்கள் முழுமையான ஸ்டெல்த்தைத் துரத்தவில்லை. முன்பக்கத்திலிருந்து குறைந்த தடம், பறக்கும் திறன், கடுங்குளிரிலும் தூசியிலும் வேலை செய்யும் உறுதி ஆகியவற்றுக்கிடையே சமநிலை தேடினார்கள். குளிரூட்டப்பட்ட கூடம் இல்லாமலேயே அது நிற்கும். 2025 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்காவில் எஃப்-35உம் சுகோய்-57உம் ஒரே கண்காட்சிக்கு வந்தபோது எது அசராமல் சாகசம் காட்டியது என்று எல்லோரும் பார்த்தோம். இந்தியாவுக்கு ஏற்றது அதுவே.

மிக்21நினைவுகள்:

ரஷ்ய விமானங்களோடு வாழ்ந்தவன் என்பதால் தங்கள் அன்பு எனக்குப் புரிகிறது, நண்பரே. ஆனால் உறுதியான விமானம் வேறு, எளிதில் பராமரிக்கக்கூடிய விமானம் வேறு. நம்முடைய சுகோய்-30எம்கேஐ உறுதியில் எதற்கும் சளைத்ததல்ல. ஆயினும் 75 விழுக்காடு தயார்நிலை இலக்காக இருக்க, பல ஆண்டுகளாக 60 விழுக்காட்டைக்கூட அது தாண்டவில்லை என்பதை மத்தியத் தணிக்கை அறிக்கையிலேயே காணலாம். அதில் பூச்சு வேலை கிடையாது, தடுத்தது உதிரிபாகம். ஒரு பொருளுக்காக மாஸ்கோவுக்கு எழுதி, பதிலுக்காகக் காத்திருந்து, வந்த பொருள் வேறு ரகமாக இருந்ததைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்ட அனுபவம் என் தலைமுறைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் எல்லோருக்கும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுகோய்-57 தொடர்பான காப்புரிமை ஆவணத்திலேயே அதன் சராசரி ரேடார் தடம் 0.1 முதல் 1 சதுர மீட்டர் வரை என்றுதான் குறிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கர்கள் தங்கள் விமானங்களுக்குக் கோருவதைவிட இது மிகவும் பெரிது. தடம் பெரிதாக இருக்கலாம் என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பராமரிப்பு எளிதாவது உண்மைதான். ஆனால் அது இலவசமாகக் கிடைத்த எளிமையல்ல, அலைநீளம் அவர்கள் சொன்ன வட்டங்களின் ஆரத்தைக் கொடுத்து வாங்கியது. திறந்தவெளியில் நிறுத்தலாம் என்ற பெருமைக்கும் விலை உண்டு. 2024 ஜூன் மாதம் அக்துபின்ஸ்க் தளத்தில் வெட்டவெளியில் நின்ற சுகோய்-57 ஒன்று சேதமடைந்ததை உக்ரைன் செயற்கைக்கோள் படங்களோடு வெளியிட்டது.

வான்நோக்கி:

அதோடு ஒரு பழைய கணக்கு. அதே விமானத்தின் இந்திய வடிவத்தைக் கூட்டாக உருவாக்க 2010இல் ஒப்பந்தமிட்டு, தொடக்க வடிவமைப்புக்காக இந்தியா 29.5 கோடி டாலர் ஒதுக்கியது. 2018இல் அதிலிருந்து விலகியது. ஸ்டெல்த் தன்மையும் எஞ்சினும் எதிர்பார்த்த அளவில் இல்லை என்பது விமானப்படையின் குறைகளில் முக்கியமானது.

ஜே-20ஐப் பற்றி யாரும் பேசவில்லை. 2011 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்து 2017இல் பணிக்கு வந்தது. எண்ணிக்கையில் எஃப்-22ஐத் தாண்டிவிட்டது. சீனா தயார்நிலை எண்களை வெளியிடும் வழக்கமில்லை. ஆகவே அமெரிக்காவின் 40 விழுக்காட்டைச் சீனாவின் வெற்றிடத்தோடு ஒப்பிட்டு, அமெரிக்கா தோற்றது என்று எழுதுவது முறையல்ல. தன் குறையைத் தானே அச்சிடும் நாட்டுக்கு அது தண்டனையாகிவிடக்கூடாது. ரஷ்ய எஞ்சினில் தொடங்கி, உள்நாட்டு டபிள்யூஎஸ்-10க்கு மாறி, டபிள்யூஎஸ்-15ஐ நோக்கிப் போகும் அவர்களுடைய பயணத்திலிருந்து ஒன்று மட்டும் தெளிவு: எஞ்சினின் ஆயுளும் அதைப் பழுதுபார்க்கும் உரிமையும் தங்கள் கையில் இருக்க வேண்டுமென்று அவர்கள் பெருஞ்செலவு செய்திருக்கிறார்கள்.

அலைநீளம்:

எஞ்சின் என்றதும் எஃப்-35இன் எஃப்135 நினைவுக்கு வருகிறது. அதன் பெரிய சிக்கல் ஸ்டெல்த் பூச்சே அல்ல, வெப்பம். ரேடாரும் கணினிகளும் வளர வளர அவற்றைக் குளிர்விக்க எஞ்சினிலிருந்து உருவப்படும் காற்று வடிவமைப்பில் நினைத்ததைவிட மிகவும் கூடிவிட்டது. அதை ஈடுகட்ட எஞ்சின் கூடுதல் சூட்டில் ஓடுகிறது. பாகங்கள் சீக்கிரம் தேய்கின்றன. பழுதுபார்க்கும் கூடங்கள் நிரம்பி வழிகின்றன. 2021, 2022 ஆண்டுகளில் பழுதில்லாத உடலோடு, எஞ்சின் மட்டும் இல்லாமல், டஜன் கணக்கான எஃப்-35கள் நின்றன. எஃப்-35இன் பி, சி வகைகளிலோ 2011இல் நடந்த சோதனைகளில் ஒலியைவிட வேகமாக உயரத்தில் நெடுநேரம் பறந்தபோது வால்பகுதியின் தோலும் பூச்சும் வெப்பத்தால் கொப்புளித்தன. தீர்வு என்னவென்றால், அந்த வேகத்தில் எவ்வளவு நேரம் பறக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்துவிட்டார்கள். காகிதத்தில் 1.6 மாக் (ஒலியின் வேகத்தைப்போல் 1.6 மடங்கு) என்ற எண் அப்படியே இருக்கிறது. வேகப் பட்டியல்களை வைத்து ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கன்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பணத்தைப்பற்றி யாரும் முழுமையாகப் பேசாததால் எழுதுகிறேன்.

ஜிஏஓவின் 2024 ஏப்ரல் அறிக்கைப்படி, 2088 வரை அமெரிக்க எஃப்-35களைப் பேணுவதற்கான மதிப்பீடு 1.58 டிரில்லியன் டாலர். 2018இல் இது 1.1 டிரில்லியனாக இருந்தது. வியப்பான செய்தி இதற்குப் பின்னால் இருக்கிறது: செலவு ஏறிய அதே காலத்தில் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறக்கப்போகிறோம் என்ற திட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு எஃப்-35ஏவுக்கு ஆண்டுக்கு 41 லட்சம் டாலர்தான் தாங்கும் என்று முதலில் சொன்ன விமானப்படை, பிறகு தாங்கக்கூடிய அளவையே 68 லட்சமாக உயர்த்திக்கொண்டது. செலவு இலக்குக்கு இறங்கவில்லை. இலக்கு செலவுக்கு ஏறியது. நம் ஊர் அரசுத் திட்டங்களைத் தணிக்கை செய்பவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது உதிரிபாகங்களின் உரிமை. எஃப்-35 வாங்கிய நாடுகள் எல்லாமே ஒரு பொதுக் கிடங்கிலிருந்து பாகம் எடுக்கின்றன. விமானத்தில் மாட்டும்வரை அந்தப் பாகம் அமெரிக்க அரசின் உடைமை. அந்தக் கிடங்கை நடத்துவது ஒப்பந்த நிறுவனங்கள். 2018க்குப் பிறகு 10 லட்சத்துக்கு மேற்பட்ட பாகங்கள் கணக்கில் தொலைந்துவிட்டன என்று 2023இல் ஜிஏஓ எழுதியது. துருக்கியின் கதை இன்னும் கசப்பானது. 900க்கும் மேற்பட்ட பாகங்களைச் செய்துகொடுத்த நாடு அது. ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக 2019 ஜூலையில் திட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. அதற்கென்று கட்டிமுடிக்கப்பட்டிருந்த விமானங்கள்கூட அதன் கைக்குப் போகவில்லை. நாம் எஸ்-400 வைத்திருக்கும் நாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை. விதிவிலக்கு இஸ்ரேல் ஒன்றுதான். சொந்தப் பழுதுபார்ப்பு, சொந்த மென்பொருள் என்ற உரிமையை அது முன்கூட்டியே பேசி வாங்கியது.

சிங்கைவாசி:

கணக்கன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆயினும் எங்களைப்போன்ற சிறிய நாட்டுக்கு அந்தப் பொதுக் கிடங்கு பாதகமல்ல, சாதகமே. 20 விமானங்களுக்காக எல்லாப் பாகங்களையும் தனியாக அடுக்கி வைப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் உலகெங்கும் பறக்கும்போது, அண்டையிலுள்ள ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் அதே பாகத்தைப் பயன்படுத்தும்போது, எங்களுக்கு ஒன்று கிடைப்பது எளிதாகிறது. திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பிய அந்தப் பிரிட்டிஷ் விமானமே ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குத்தான் முதலில் போனது. கூட்டணி நாடுகளின் வழியில் ஒரே விமானம் இருப்பதன் பயன் அது. யாருக்கு ஏற்றது என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறும்.

வானியல்மாணவி:

அப்படியானால் இந்தியா உருவாக்கிவரும் ஸ்டெல்த் போர் விமானமான ஏஎம்சிஏவில் இவற்றையெல்லாம் கவனித்திருப்பார்களா? 25 டன் விமானம், உள்ளே ஆயுத அறை, முதல் கட்டத்தில் ஜிஇ எஃப்414 எஞ்சின்கள், 2024 மார்ச்சில் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல், 2025 மே மாதம் தனியாரும் போட்டியிடும் செயல்திட்டம் என்று படித்திருக்கிறேன். பராமரிப்பைப்பற்றி எங்கும் படிக்கவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று ஐயா சொல்ல முடியுமா?

மிக்21நினைவுகள்:

நல்ல கேள்வி, அம்மா. வடிவமைப்பாளர்களிடம் நான் கேட்கக்கூடியவை இவை. அடிக்கடி பழுதாகும் முதல் ஐம்பது கருவிகளில் எத்தனையைப் பூச்சை வெட்டாமல் எட்டலாம்? ஒரு தகட்டின் பூச்சு, கோடைக்காலத் தஞ்சாவூரிலும் மழைக்காலத் தேஜ்பூரிலும் இறுக எத்தனை மணி நேரம் ஆகும்? ஆய்வகத்தின் சீரான வெப்பத்தில் எடுத்த எண்ணைச் சொல்லித் தப்பிக்கக்கூடாது. தேங்கும் நீர் எந்த வழியாக வெளியேறும்? பூச்சு வேலையைப் படையணியின் சார்ஜெண்டே செய்யலாமா, அல்லது ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் ஆளுக்குச் சொல்லியனுப்ப வேண்டுமா? எஞ்சின் அமெரிக்காவுடையதாக இருந்தாலும், தோலும் பூச்சும் அதைப் பூசும் கையும் நம்முடையவையாக இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

தேஜஸ் படையணிகள் இரண்டு சூலூரில் அமைந்தன. ஐந்தாம் அடித்தளப் பழுதுபார்ப்புக் கூடமும் அங்கேயே இருக்கிறது. ஏஎம்சிஏ எங்கே நிறுத்தப்பட்டாலும், ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட பூச்சுக் கூடத்தை விமானம் வருவதற்கு முன்பே கட்டி, ஆட்களைப் பழக்க வேண்டும். விமானம் வந்தபின் கூடத்துக்குக் கோப்பு அனுப்பும் நம் வழக்கத்தை நான் நன்றாக அறிவேன்.

ஸ்டெல்த் பேச்சில் எளிய ஒழுக்கத்தை மறந்துவிடக்கூடாது. 2021 நவம்பரில் எச்எம்எஸ் குயின் எலிசபெத் கப்பலிலிருந்து கிளம்பிய எஃப்-35பி ஒன்று போதிய உந்துவிசை இல்லாமல் கடலில் விழுந்தது. விமானி உயிர்தப்பினார். பிரிட்டிஷ் விசாரணையில் தெரிந்த காரணம், காற்று உள்ளிழுக்கும் வாயை மூடும் அடைப்பு ஒன்றை எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதே. எங்கள் காலத்தில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்த பலகை இருக்கும். வேலை முடிந்ததும் கருவி தன் நிழலில் போய் உட்கார வேண்டும். ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது, யார் கத்தினாலும் சரி. மூடிகளையும் அதே பலகைக் கணக்கில் சேர்த்து, கழற்றியவர் ஒருவரும் எண்ணிப்பார்த்தவர் மற்றொருவருமாகக் கையெழுத்திட வேண்டும்.

வானியல்மாணவி:

அந்த ஐம்பது கருவிகளின் பட்டியலை ஏஎம்சிஏவுக்கு எங்கிருந்து எடுப்பார்கள், ஐயா?

மிக்21நினைவுகள்:

தேஜஸ் படையணியின் பழுதுப் பதிவேட்டிலிருந்து. சூலூரில் ஒவ்வொரு விமானத்துக்கும் எந்தப் பாகம் எத்தனை மணி நேரத்தில் பழுதானது என்ற பதிவு இருக்கும். ஏஎம்சிஏவின் முதல் கட்டத்தில் வருவது தேஜஸ் மார்க்-2இல் வரவிருக்கும் அதே எஃப்414 எஞ்சின் என்பதால், எஞ்சினைச் சுற்றியுள்ள பகுதிக்கு மார்க்-2இன் பதிவேடும் உதவும். எந்தக் கதவை எங்கே வைப்பது என்பதை அந்தப் பதிவேடுகளைப் படித்தவர்கள் தீர்மானிக்க வேண்டும்.